போகாதவர்களின் ஃப்ரிட்ஜ்

"அதைத் தொடாதீங்க, அது ஜான்கியோட ஆட்டுக்கறி."

"ஜான்கிதான் பிரிஸ்பேன் போயாச்சே."

"ஜான்கி போயாச்சு. கறி போகலையே."

"எனக்குக் கறி வேண்டாம் நாகு. பால் எங்க இருக்கு, அதைச் சொல்லு."

"தாயம்மாவை இடது பக்கம் தள்ளினா பின்னாடி பிஜேந்திரா இருப்பார். அவருக்கு அடியில பால்."

பாஸ்கரன் ஒரு கையால் தாயம்மாவின் புளிச் சட்னிப் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையைத் தோள்வரை ஃப்ரிட்ஜுக்குள் விட்டார். ஃபிஜியின் லம்பாசாவில் மூன்று வருடமாகக் கணக்கு சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் அவர். எதை இழுத்தால் எது விழும் என்று யோசித்துத்தான் இழுத்தார். ஆனாலும் மேலே உறைபெட்டியின் கதவு திறந்துகொண்டு, கல்லாய் இறுகிய ஒரு பொட்டலம் அவருடைய கால் பெருவிரல்மேல் விழுந்தது. ஜான்கிதான்.

"கத்தாதீங்க," என்றாள் நாகலட்சுமி. "முன்னறையில மேனேஜர் உட்கார்ந்திருக்கார்."

பாஸ்கரன் கத்தவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு பாலை எடுத்து நீட்டினார். அதை வைத்து மோர்க்குழம்பு வைக்கலாம். டீ போட முடியாது.

பள்ளிக் கமிட்டியின் மேனேஜர் சிவன் பால் இல்லாத டீயைக் குடித்தார். அவருடைய மனைவி இந்திராவதி எப்போதும்போல் உள்ளே வராமல் வாசலில் நின்ற வேனிலேயே உட்கார்ந்திருந்தாள். சிவனுடைய சட்டைப்பையில் மடித்த காகிதம் ஒன்று தெரிந்தது. பாஸ்கரனின் ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருடத்துக்கு நீட்டிக்கும் காகிதம். இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும்.

"இன்னா மாஸ்டர், இருப்பீங்களா? இல்ல நீங்களும் போறீங்களா?"

"இருப்போம் சார்."

"கட்டாயமா?"

"கட்டாயமா."

சிவன் கை கழுவ சமையலறைக்கு வந்தார். ஃப்ரிட்ஜ் கதவு சரியாக மூடாமல் நின்றது. அதைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். உறைபெட்டியையும் பார்த்தார். நீண்ட பெருமூச்சு விட்டார்.

"ரொம்ப நெறஞ்சி கெடக்குதே," என்றார். "சரி, நான் யோசிச்சு சொல்றேன்."

காகிதம் சட்டைப்பையிலேயே இருந்தது. வேன் கரும்பு லாரிகளுக்கு நடுவே புகுந்து போயிற்று.

விருதுநகரில் நாகலட்சுமியின் புகுந்த வீட்டில் பதினொரு பேர். அங்கே ஃப்ரிட்ஜுக்குப் பூட்டு உண்டு. சாவி மூத்த ஓர்ப்படியின் இடுப்பில் இருந்தது. ஒரு தக்காளி வேண்டுமென்றாலும் எதற்கு என்று சொல்லியாக வேண்டும். இங்கே வந்த முதல் மாதத்தில் அவள் தனக்கென்று ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கினாள். அன்று காரணமே இல்லாமல் எட்டு முறை அதைத் திறந்து மூடினாள். ஒப்பந்தம் நீளாவிட்டால் மறுபடி அந்தச் சாவிக்குத்தான் போக வேண்டும்.

அந்த ஃப்ரிட்ஜ் இப்படி ஆனது மே மாதத்துக்குப் பிறகுதான். தலைநகர் சுவாவில் துப்பாக்கிக்காரர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்த செய்தி வானொலியில் வந்தது. அதன்பிறகு இந்திய வம்சாவளியினர் பயந்து நாட்டைவிட்டுக் கிளம்ப, அந்தத் தெருவில் நாலு வீடுகள் காலியாகிவிட்டன. கிளம்புகிறவர்கள் கட்டிலை விற்பார்கள், அலமாரியை விற்பார்கள். உறைபெட்டியில் இருப்பதை மட்டும் விற்க மாட்டார்கள். அது பாவம். போகாத வீட்டுக்காரர்களிடம் கொண்டுவந்து கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு, "வீணாக்கிடாத பஹினி," என்று அழுவார்கள். பஹினி என்றால் அவர்களுடைய இந்தியில் சகோதரி. நாலு பேரிடமும் நாகலட்சுமி வாக்குக் கொடுத்திருந்தாள். உறைபெட்டியைத் திறந்தால் வெள்ளைப் புகை எழும். அந்தப் புகைக்குள் பிரிஸ்பேனும் ஆக்லாண்டும் வான்கூவரும் பொட்டலம் பொட்டலமாகத் தூங்கிக்கொண்டிருக்கும்.

"நம்ம ஃப்ரிட்ஜோட லட்சணத்தைப் பார்த்துத்தான் மனுஷன் பயந்துட்டார்," என்றாள் அவள். "ஃப்ரிட்ஜையே ஒழுங்கா வச்சுக்காதவன் வகுப்பை எப்படி வச்சுக்குவான்னு நினைச்சிருப்பார்."

"ஃப்ரிட்ஜை நான் வச்சுக்கலையே."

"அதைப் போய் அவர்கிட்ட சொல்லுங்க."

பல் வைத்தியர் வீட்டு வராந்தாவில் கிடந்த ஒரு பத்திரிகையில் அவள் இதைப் பற்றிப் படித்திருந்தாள். பழையது முன்னால், புதியது பின்னால். சீக்கிரம் கெடுவது கண்ணுக்கு நேரே. எல்லாவற்றின்மேலும் தேதி. ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருவரும் அதைச் செய்தார்கள். எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தரையில் பரப்பியபோது நடக்க இடமில்லை. புளிச் சட்னி மூன்று பாட்டில். மாங்காய் ஊறுகாய் ஐந்து பாட்டில், ஒவ்வொன்றிலும் பாதி. தாலோ என்னும் சேப்பங்கிழங்கின் கீரை நாலு கட்டு, அதில் ஒன்று கீரையாக இருப்பதை நிறுத்திப் பல நாள் ஆகியிருந்தது. பிஜேந்திராவின் மனைவி கொடுத்த பாயசத்தில் ஒரு காடே முளைத்திருந்தது.

நாகலட்சுமி அதைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். வான்கூவர் இருக்கும் திசை எது என்று தெரிந்திருந்தால் அந்தப் பக்கம் பார்த்து மன்னிப்புக் கேட்டிருப்பாள்.

மூன்று தட்டுகளிலும் காகிதப் பட்டை ஒட்டினாள். மேல் தட்டு 'திங்கள்', நடுத்தட்டு 'செவ்வாய்', கீழ்த்தட்டு 'புதன்'. அந்தந்த நாளுக்குள் தின்று தீர்க்க வேண்டியவை அந்தந்தத் தட்டில். எல்லாம் அழகாக இருந்தது. எல்லாம் கண்ணுக்கும் தெரிந்தது. அதுதான் தொல்லை. இவ்வளவு நாளும் பின்னால் ஒளிந்திருந்ததெல்லாம் இப்போது வரிசையில் நின்று அவளையே பார்த்தது.

"நாகு," என்றார் பாஸ்கரன், பென்சிலைக் காதில் செருகியபடி. "நாம மூணு பேர். இதை மூணு நாள்ல முடிக்கணும்னா ஆளுக்கு வேளைக்கு ரெண்டு கிலோ."

"நாம ரெண்டு பேர்தானே?"

"மூணு பேர்னு வச்சே ரெண்டு கிலோ வருது."

"அப்ப தெருவுல கொடுத்துடுவோம்."

திங்கட்கிழமை பள்ளிவிட்ட பிறகு அவள் எட்டுப் பாத்திரங்களில் எடுத்துக்கொண்டு எட்டு வீடுகளுக்குப் போனாள். முதல் வீடு ருக்மணியுடையது. புலிலேகாவில் கரும்புத் தோட்டமும், இந்தத் தெருவில் வீடும், இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு வாயும் உள்ளவள். அவளுடைய முன்னோர்கள் ஆர்க்காட்டுப் பக்கமிருந்து கப்பலேறி வந்தவர்கள். அந்தத் தமிழைப் பாதியும் இந்தியைப் பாதியுமாகப் பேசுவாள். பாத்திரத்தின் மூடியைத் திறந்தாள். உறைந்த கறியைப் பார்த்தாள். முகம் மாறிப்போயிற்று.

"எத்தினி நாளா முடிவு பண்ணிக்கினு இருந்தே பஹினி?"

"நேத்துதான். ஃப்ரிட்ஜைப் பார்த்ததும் முடிவு பண்ணிட்டேன்."

ருக்மணி அவளைக் கட்டிக்கொண்டாள். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்," என்று காதில் சொன்னாள்.

ஆட்டுக்கறி கொடுத்ததை ஏன் யாரிடமும் சொல்லக்கூடாது என்று நாகலட்சுமிக்குப் புரியவில்லை. நல்ல மனுஷி என்று நினைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

இருட்டுவதற்குள் சிவனின் வேன் வந்து நின்றது. அவர் முன்னறையில் உட்காரவே இல்லை. நேரே சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தார். பாதிக்கு மேல் காலி. அவருடைய முகம் மலர்ந்தது.

"அடேயப்பா. எத்தினி எடம்."

"எல்லாம் ஒழுங்குபடுத்திட்டேன் சார்," என்றாள் நாகலட்சுமி பெருமையாக.

சிவனின் கை சட்டைப்பைக்குப் போயிற்று. காகிதம் பாதி வெளியே வந்தது. அப்போது அவர் கண் பட்டைகள்மேல் விழுந்தது. விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார்.

"திங்கள், செவ்வா, புதன். புதனுக்கு அப்பால இன்னா?"

"அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல சார். சுத்தமா காலி."

"ஓகோ," என்றார் சிவன். வெளிநாடு போகிறவர்களைப் பெரிய விமானம் ஏற நாண்டிக்குக் கொண்டுபோகும் சின்ன விமானம் வியாழக்கிழமைதான் கிளம்பும். ஊரில் எல்லாருக்கும் தெரிந்தது அது. காகிதம் மெல்லப் பைக்குள் திரும்பிப் போயிற்று. "தெருவுல சொன்னாங்க. நான்தான் நம்பலை."

"என்ன சொன்னாங்க?"

அவர் பாஸ்கரனின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் விஷயம் தெரிந்தது. எட்டுப் பாத்திரங்களும் திரும்பி வந்தன. வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்பதை நாகலட்சுமி மறந்தே போயிருந்தாள். விருதுநகரில் ஒரு கைப்பிடிச் சர்க்கரை போட்டுக் கொடுப்பார்கள். இங்கே கோழிக்கறி, பருப்பு, ரொட்டி அடுக்கு, தேங்காய்ப்பால் விட்ட மீன் என்று விளிம்புவரை வந்தன. பாத்திரம் வாங்காத வீடுகளிலிருந்தும் வந்தன. எல்லாரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி கழுத்தில் மாலையே போட்டுவிட்டாள்.

"நாங்க எங்கயும் போகலை," என்றாள் நாகலட்சுமி.

"ஆமா, போகலை," என்று எல்லாரும் தலையாட்டினார்கள்.

"நிஜமா போகலை ருக்மணியக்கா."

"ஜான்கியும் இதத்தான் சொன்னா," என்றாள் ருக்மணி பரிவோடு. "கடைசி நாள் வரிக்கும் சொன்னா. நான் போகலை, நான் போகலைன்னு பொட்டியை வேன்ல ஏத்திக்கினே சொன்னா. நீ சொல்லு, பரவால்ல. எங்களுக்குப் புரியும்."

"பழசை வீணாக்க வேண்டாமேன்னுதான் கொடுத்தேன்."

"சொம்மா ஆட்டுக்கறிய யார்னா குடுப்பாங்களா? அதுவும் இல்லாம உன் ஃப்ரிட்ஜைத் தொடச்சி வெச்சிருக்கே. போறவங்க வூட்டு ஃப்ரிட்ஜுதான் அவ்ளோ சுத்தமா இருக்கும்."

பத்து மணிக்கு ஷாலேந்திரா வந்தான். டவுனில் பழைய சாமான் வாங்கி விற்பவன். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. யாரையும் கேட்காமல் ஃப்ரிட்ஜின் உயரத்தை நாடாவால் அளந்தான். கதவு ரப்பரை அமுக்கிப் பார்த்தான். காதை வைத்து மோட்டாரைக் கேட்டான். ருக்மணி அவன் சொன்னதைத் தமிழாக்கினாள்.

"நல்ல சாமான்கிறான். நீ அழாம இருந்தா இன்னும் கொஞ்சம் சேத்துத் தருவானாம்."

"நான் அழலையே."

"அதான் சேத்துத் தரேன்கிறான்."

அன்று மத்தியானம் ஃப்ரிட்ஜ் கதவு மூடவே இல்லை. பாஸ்கரன் பள்ளிக்குக் கட்டிப்போகும் கழுத்துப்பட்டை ஒன்றை எடுத்துவந்து கைப்பிடியில் சுற்றிக் கட்டினார். உள்ளே முன்னால் இருந்ததைவிட இரண்டு மடங்கு சாப்பாடு. பட்டைகளெல்லாம் பொய்யாகிவிட்டன. செவ்வாய்த் தட்டில் திங்களும், புதன் தட்டில் எல்லாக் கிழமைகளும் இருந்தன.

பள்ளியில் பாஸ்கரனுக்கு அவருடைய இடத்துக்கு ரக்கிரக்கியிலிருந்து ஒருவர் வரப்போவதாகச் சொன்னார்கள். சொன்னவர் அந்தப் புது ஆளின் பெயரையும் சொன்னார். அவருக்கு என்ன ஊறுகாய் பிடிக்கும் என்பதையும் சொன்னார்.

"வாயால சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க," என்றாள் நாகலட்சுமி. "போறவங்க செய்யாததா ஒண்ணு செய்யணும். போறவங்க எதைச் செய்ய மாட்டாங்க?"

"சாமான் வாங்க மாட்டாங்க," என்றார் கணக்கு வாத்தியார்.

புதன்கிழமை அவள் ஊரறிய சந்தைக்குப் போனாள். ஒரு மூட்டை தாலோக் கிழங்கு வாங்கினாள். தன் மார்பளவு நீளமுள்ள, வஞ்சிரம் போன்ற வாலு மீன் ஒன்றை வாங்கி, அதை மூடாமல், பஸ்ஸில் மடியில் படுக்கவைத்துக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். தெரிந்த முகம் கண்ட இடத்திலெல்லாம் மீனின் தலையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினாள். இவ்வளவு வாங்குகிறவள் நாளைக்குப் போவாளா என்று அந்த மீனே கேட்பதுபோல் இருந்தது.

வீடு வந்து சேர்ந்தபோது வாசலில் ருக்மணி ஆள் உட்காரக்கூடிய அண்டா ஒன்றை உருட்டிக்கொண்டு நின்றாள்.

"சந்தைலேர்ந்து சொல்லி அனுப்பிட்டாங்க. விருந்து எந்தக் கெழமை?"

"எந்த விருந்து?"

"வழியனுப்பற விருந்து. இவ்ளோ பெரிய மீனை வேற எதுக்கு வாங்குவாங்க?"

வியாழக்கிழமை விமானம் போயிற்று. அதில் அவர்கள் போகவில்லை. அதுவும் உதவவில்லை. அடுத்த வியாழன் இருக்கிறதே என்றது தெரு.

அன்று மாலை சிவன் மூன்றாவது முறையாக வந்தார். பாஸ்கரன் ஓடிப்போய் அவரைச் சமையலறைக்கு அழைத்துவந்தார். "பாருங்க சார். போறவங்க வீட்டுல இப்படி இருக்குமா?" என்று கழுத்துப்பட்டையை அவிழ்த்தார். கதவு தானே திறந்தது. மீனின் வால் வெளியே நீண்டு சிவனின் சட்டையைத் தொட்டது.

சிவன் உள்ளே பார்த்தார். உறைபெட்டியில் ஒரு விரலை நுழைத்துப் பார்த்தார். விரல்கூட நுழையவில்லை. முகம் தொங்கிப்போயிற்று.

"அப்ப போகலை?"

"போகலை சார்."

"நல்லது," என்றார், துக்கம் விசாரிக்க வந்தவர்போல. சட்டைப்பையைத் தொட்டார். கையை எடுத்துவிட்டார். வேனுக்குப் போய் இந்திராவதியிடம் ஏதோ சொன்னார். அவள் தலையில் அடித்துக்கொண்டது சமையலறை ஜன்னல்வரை தெரிந்தது.

"காலியா இருந்தா போறோம்கறார். நெறஞ்சிருந்தா அழுதிடுவார் போலிருக்கு," என்றாள் நாகலட்சுமி. "அந்த மனுஷனுக்கு என்னதாங்க வேணும்?"

பாஸ்கரன் வாசலில் கிடந்த அண்டாவைப் பார்த்தார்.

"நாகு, எல்லாரும் விருந்து எதிர்பார்க்கறாங்க. போட்டுடுவோம்."

"வழியனுப்பற விருந்தா?"

"வழியனுப்பாத விருந்து. எல்லாரையும் கூப்பிட்டு, மொத்தத்தையும் சமைச்சு, சாப்பிட வச்சு, அப்புறம் எழுந்து நின்னு சொல்லிடுவோம். வாயில சோறு இருக்கும்போது யாரும் குறுக்கே பேச மாட்டாங்க."

சனிக்கிழமை விடிந்ததிலிருந்தே அந்த வீட்டின் பின்புறத்தில் புகை எழுந்தது. ருக்மணி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அண்டாவின் முன் நின்றாள். ஜான்கியின் ஆட்டுக்கறியில் மிச்சமிருந்ததை அண்டாவில் போட்டார்கள். தாயம்மாவின் சட்னியை வாலு மீன்மேல் பூசினார்கள். ஐந்து பாட்டில் ஊறுகாயும் ஒரே சட்டியில் சேர்ந்தன. மிச்சமிருந்த மூன்று கட்டுத் தாலோக் கீரையும் தேங்காய்ப்பாலில் கொதித்தது. செவ்வாய்க்கிழமை வந்த ரொட்டிகளைப் பிய்த்துப்போட்டு நாகலட்சுமி ஒரு கொத்து ரொட்டி செய்தாள். அதைச் சாப்பிட்டவர்கள் செய்முறை கேட்டார்கள். "முதல்ல எல்லாரையும் ஊரைவிட்டு அனுப்பணும்," என்றாள் அவள். தகரக் கொட்டகையின் கீழ் அறுபது பேர் சிரித்தார்கள்.

இருந்த தட்டுகள் போதாமல் வாழையிலை வெட்டினார்கள். யாரோ கித்தார் கொண்டுவந்தார்கள். ஷாலேந்திராகூட வந்திருந்தான். சாப்பிட்டுக்கொண்டே கொட்டகையின் தகரத்தை எண்ணிக்கொண்டிருந்தான்.

எல்லார் வாயிலும் சோறு இருந்த ஒரு கணத்தில் நாகலட்சுமி முக்காலிமேல் ஏறி நின்றாள். இந்தியில் முதலில் சொன்னாள், பிறகு தமிழில் சொன்னாள்.

"நாங்க போகலை. எனக்கு இந்த ஊர் பிடிச்சிருக்கு. இந்த வீடு பிடிச்சிருக்கு. எங்க ஊர்ல எனக்குன்னு ஒரு ஃப்ரிட்ஜ் கிடையாது, இங்க இருக்கு. அதை நான் விக்க மாட்டேன். ஜான்கி கொடுத்தது வீணாகக் கூடாதுன்னுதான் உங்களுக்குக் கொடுத்தேன். நீங்க எல்லாரும் சேர்ந்து அதை ரெண்டு மடங்கா திருப்பிக் கொடுத்தீங்க. கையெடுத்துக் கும்பிடறேன், இன்னைக்குப் பாத்திரங்களை வெறுமையா கொடுத்துட்டுப் போங்க."

ருக்மணி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஜான்கி இப்பிடி முக்காலி மேல ஏறிச் சொல்லலை," என்றாள் மெதுவாக. "இவ போகலை. நெசமாவே போகலை."

யாரோ கைதட்டினார்கள். யாரோ ஒருத்தி, கொடுத்த மாலையைத் திருப்பிக் கேட்கலாமா என்று பக்கத்தில் விசாரித்தாள். கித்தார் மறுபடி ஆரம்பித்தது.

நாகலட்சுமி சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். உள்ளே ஒரு தண்ணீர் ஜாடி, ஒரு புதுப் பால் பாக்கெட், கிழிந்த மூன்று பட்டைகள். விளக்கு, பல நாளுக்குப் பிறகு, எல்லா மூலைகளையும் தொட்டது. அவள் அதன் முன்னால் நின்று கொஞ்ச நேரம் ஒன்றும் எடுக்காமல் குளிர் காய்ந்தாள்.

பின்னால் செருமல் கேட்டது. சிவன் பாஸ்கரனைக் கையோடு பிடித்து அழைத்துவந்திருந்தார். ஃப்ரிட்ஜை எட்டிப் பார்த்தார். உறைபெட்டியைத் திறந்து, கையை முழங்கைவரை உள்ளே விட்டு, நாலு பக்கமும் தடவிப் பார்த்தார். முகம் பௌர்ணமிபோல் ஆயிற்று. சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து ஃப்ரிட்ஜின் தலைமேலேயே விரித்தார்.

"போடுங்க மாஸ்டர். மூணு வருஷம்."

பாஸ்கரன் போட்டார். சிவன் அதற்குக் கீழே போட்டார். மை காய ஊதினார். நாகலட்சுமிக்குத் தரையில் கால் பாவவில்லை. விருதுநகர்ச் சாவி எங்கேயோ கடலுக்கு அப்பால் கிணற்றில் விழும் ஓசையைக் கேட்டாள்.

சிவன் ஜன்னல் வழியாக வேனைப் பார்த்துக் கையசைத்தார். இத்தனை நாளில் முதல்முறையாக வேனின் கதவு திறந்தது. இந்திராவதி இறங்கி, செருப்பை வாசலில் விட்டுவிட்டு, நேரே சமையலறைக்கு வந்தாள். நாகலட்சுமியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்திருந்தது. சிவன் கூரையைப் பார்க்க ஆரம்பித்தார்.

"இங்கியே இருப்பீங்கன்னு கையெழுத்து வாங்காம கேக்கக்கூடாதுன்னு நான்தான் இவர்கிட்ட சொன்னேன் பஹினி," என்றாள் இந்திராவதி. "வர்ற வியாழக்கெழமை நாங்க ஆக்லாண்டு போறோம், வேன்ல ரெண்டு ஆடும் எட்டுக் கோழியும் ஐஸ்ல கெடக்குது, வீணாக்காம உங்க ஃப்ரிட்ஜ்ல வெச்சிக்கறீங்களா?"